கோப்பு கொழும்பில், ஆள் பொகவந்தலாவையில்

இந்தத் தடவை ஊருக்குப் போனதில் பாதி நேரம் கந்தோர் வாசல்களிலேயே போய்விட்டது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு, சித்தப்பாவின் சேமலாப நிதி இன்னும் கைக்கு வரவில்லை. சித்தப்பா தவறி வருடங்கள் ஓடிவிட்டன. "நீ வந்தா ஒருக்கா போய்க் கேட்டுப் பாரும்மா, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல" என்று போனில் பேசும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். லண்டனில் சனிக்கிழமைகளில் ஓர் இலவச சட்ட ஆலோசனை நிலையத்தில் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவுகிறேன், அதனால் இந்த மாதிரி வேலை எனக்குக் கொஞ்சம் பழக்கம். மலையகத்தில் அது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று நேரில் பார்த்ததை, ஊரில் சொந்தபந்தம் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சிக்கல் சின்னதுதான். தோட்டத்தின் வேலையாள் பதிவான செக்ரோலில் சித்தப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, மரணச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. ஓரிடத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து விடுபட்டிருக்கிறது. இன்னோரிடத்தில் சிங்களத்தில் எழுதிய பெயரைத் திரும்பத் தமிழில் எழுதும்போது ஓர் எழுத்து மாறிவிட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் இப்படி ஒரு கதை உண்டு. இதைச் சரிசெய்ய வேண்டியவை: மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு சத்தியக்கடதாசி, கிராம சேவகரின் கடிதம், தோட்டக் கந்தோரிலிருந்து சேவைக்காலத்தைக் காட்டும் கடிதம். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் ஒரு காலைப் பொழுதில் எழுதி முடித்துவிடலாம்.

எங்கள் ஆட்கள் கடதாசியைச் சும்மா வைத்துக்கொள்வதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தாத்தா பாட்டி தலைமுறையை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டன. எஞ்சியவர்களுக்கான சட்டம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கம் வரைக்கும் இழுத்தது. ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் குடும்பம் இரண்டாகப் பிரிந்ததைப் பார்த்த சனம் இது. சின்னம்மாவின் தகரப் பெட்டியில் சித்தப்பாவின் சம்பளச் சீட்டுகள் வருட வாரியாக நூல் போட்டுக் கட்டியிருக்கின்றன. ஆவணம் இல்லை என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்க ஓர் ஆள் கிட்ட இல்லை என்பதுதான் குறை.

முன்பு இருந்திருக்கிறது. பக்கத்து பஜாரில் மாதம் ஒரு நாள் இலவச சட்ட ஆலோசனை நடந்ததாம். ஒரு சட்டத்தரணி அம்மா, அவருடன் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை, ஒரு மேசை, அவ்வளவுதான். சம்பளம் போட்ட மறுவாரம் சாமான் வாங்க வருகிற சனம் அப்படியே அங்கேயும் எட்டிப் பார்க்கும். அப்புறம் ஆள் பற்றாக்குறை, செலவு என்று சொல்லி அதை நிறுத்தி, நகரத்தில் உள்ள ஒரே கந்தோருடன் சேர்த்துவிட்டார்கள். இப்போது நகரத்தில் விண்ணப்பத்தை வாங்குகிறார்கள், முடிவு கொழும்பில். கேள்வி இருந்தால் தபாலில் வரும், இல்லாவிட்டால் நாம் போன் எடுக்க வேண்டும்.

அங்கே போவதற்காகச் சின்னம்மாவும் நானும் தங்கச்சியும் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். தங்கச்சி கொழுந்து எடுக்கிறவள். சிங்களம் வாசிப்பாள் என்பதால் சின்னம்மா எந்தக் கந்தோருக்குப் போனாலும் அவளும் போக வேண்டும், அன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் கிடையாது. 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு ஏறிய நாட்சம்பளம் அது. பஸ் காசு, போட்டோ கொப்பி, மூன்று பேருக்குச் சாப்பாடு எல்லாம் அதற்கு மேலே. இவ்வளவும் செலவழித்துப் போகும்போது, இன்றைக்கு வேலை முடிந்துவிடும் என்று தெரிந்தாலாவது மனம் ஆறும்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு வயதான அப்பா நின்றார். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் நாலாக மடித்த பிறப்புச் சான்றிதழ். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது, அந்த டேப்பும் மஞ்சளாகி, எழுத்து இருந்த இடம் மங்கிவிட்டது. கவுன்டரில் இருந்த தம்பி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பொறுமையான பிள்ளைதான். "ஐயா, இதுக்கு இங்க ஒண்ணும் செய்ய ஏலாது. மேல அனுப்பி, அவங்க கேட்டா திரும்ப வரணும்" என்றார். "திரும்ப எப்ப தம்பி வர?" என்று கேட்டார் அப்பா. "கடிதம் வரும் ஐயா." அந்தத் தம்பி மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, வாங்கி அனுப்புகிற வேலை மட்டும்தான். முன்பு பஜாரில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பார்த்து, கேட்டு, எழுதிக் கொடுத்தார். இப்போது எழுதுகிறவர் ஆளைப் பார்ப்பதில்லை, பார்க்கிறவருக்கு எழுத அதிகாரமில்லை.

எங்கள் முறை வந்தது. "அம்மா, உங்க ஃபைல் கொழும்புக்குப் போயிருக்கு. மேலதிக ஆவணம் கேட்டு லெட்டர் போட்டிருக்காங்க, நீங்க அனுப்பல. அதனால நிப்பாட்டி வச்சிருக்காங்க" என்றார். அப்படி ஒரு கடிதம் சின்னம்மாவுக்குக் கிடைக்கவேயில்லை.

அந்தக் கடிதத்தைப் பிறகு தேடிக் கண்டுபிடித்தோம். லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான். தபால் எல்லாம் தோட்டக் கந்தோருக்கு வரும், அங்கிருந்து யாராவது வேலைக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புவார்கள். அலுமாரித் தட்டில், பழைய துண்டுகளுக்கு அடியில் கிடந்தது. ஒரே பெயரில் டிவிஷனில் பலர் இருக்கிறார்கள். உறையில் சித்தப்பாவின் பெயரை மூன்றாவது மாதிரியில் எழுதியிருந்ததால் யாருடையது என்று தெரியாமல் வைத்துவிட்டார்கள். உள்ளே பதினான்கு நாளுக்குள் பதில் அனுப்பச் சொல்லிச் சிங்களத்தில் எழுதியிருந்தது. தமிழ்ப் பிரதி இல்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த வருடம் 16ஆவது திருத்தம் மொழியுரிமைகளை இன்னும் விரித்தது. இந்தக் கடிதம் அச்சான இடத்துக்கு அதெல்லாம் இன்னும் போய்ச் சேரவில்லை.

சேவையை ஓரிடத்தில் குவித்துவிட்டு மிச்சத்தைத் தபாலிலும் தொலைபேசியிலும் பார்க்கலாம் என்கிற திட்டத்துக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகவரி வேண்டும், கடிதம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், சிக்னல் உள்ள போன் வேண்டும். கொழும்பில் இது மூன்றும் இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. லயத்தில் மூன்றும் சேர்ந்து ஒரே வீட்டில் இருப்பது அபூர்வம். மலை மடிப்பில் இருக்கிற டிவிஷனில் போன் எடுக்க ரோட்டுக்கு ஏறி வர வேண்டும். ஏறி வந்து எடுத்தால் பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிறார்கள், ரீலோட் காசு அதிலேயே கரைகிறது.

இந்தப் பணம் யாரும் தயவு பண்ணிக் கொடுப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12 சதவீதம். சித்தப்பா மழையிலும் பனியிலும் கவ்வாத்து வெட்டிச் சேர்த்த காசு. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இன்னொரு உரிமையைத் தருகிறது: நாட்சம்பளக்காரருக்கு, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் வேலை முடிந்து 30 நாளுக்குள். சட்டம் எழுதியவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கவுன்டர் தூரமாகப் போகப் போக அந்த எழுத்துக்கும் சின்னம்மாவுக்கும் இடையில் மலை உயர்ந்துகொண்டே போகிறது.

காசு விஷயமாவது தாமதமாக வந்தாலும் வரும். தாமதமானால் முழுதாகப் போய்விடுகிற உரிமைகள் இருக்கின்றன. அதே டிவிஷனில் ஒரு பையனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்படியான விஷயத்தில் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவனுக்கு அது தெரியாது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னான், தலைவர் பேசிப் பார்க்கிறேன் என்றார், பேசிக்கொண்டே இருந்தார்கள், காலம் கடந்துவிட்டது. பஜாரில் அந்த மேசை இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே யாராவது திகதியைச் சொல்லியிருப்பார்கள்.

பெண்களின் நிலை இன்னும் கஷ்டம். இதை எனக்குச் சொன்னவர் ஒரு பிள்ளைக் காப்பக அக்கா. குடித்துவிட்டு அடிக்கிற புருஷன் உள்ள வீட்டிலிருந்து ஒரு பெண் நாள் முழுக்க நகரத்துக்குப் போய்வர முடியாது. எங்கே போனாய், யாரைப் பார்த்தாய், பேர் ஏன் போடவில்லை என்று கேள்வி வரும். பஜாருக்கு என்றால் அரிசி வாங்கப் போனேன் என்று சொல்லலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பிள்ளைச் செலவு கேட்கும் உரிமையைத் தருகிறது, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் வீட்டு வன்முறையிலிருந்து பாதுகாப்புக் கட்டளை கேட்கும் உரிமையைத் தருகிறது. அந்த அக்கா, "ரெண்டு மூணு பேர் மேசைக்கு வந்து விசாரிச்சிட்டு இருந்தாங்க. அது நின்னதும் அவங்களும் நின்னுட்டாங்க" என்றார். வழக்குகளின் எண்ணிக்கை குறைந்தால் சண்டை குறைந்துவிட்டது என்று மேலே உள்ளவர்கள் நினைத்துவிடக் கூடாது.

இங்கிலாந்தில் இதே கதையின் இன்னொரு வடிவத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2012இல் அங்கே ஒரு சட்டம் வந்து, அடுத்த வருடம் ஏப்ரல் முதல் சலுகைக் கொடுப்பனவு, வேலை, குடும்பப் பிரிவு, வீட்டுப் பிரச்சினை போன்ற பெரும்பாலான விஷயங்களைச் சட்ட உதவியிலிருந்து எடுத்துவிட்டது. சிலவற்றுக்கு முதலில் தொலைபேசியில்தான் பேச வேண்டும் என்றார்கள். 2010க்குப் பிறகு நீதவான் நீதிமன்றங்களில் பாதியளவை மூடினார்கள். நாங்கள் சனிக்கிழமை பார்க்கிற ஆட்களில் பலர் வீட்டு வாடகை நிலுவையோடு கடைசிக் கடிதம் வந்த பிறகே வருகிறார்கள். முதல் கடிதத்தோடு வந்திருந்தால் ஒரு போன் அழைப்பில் முடிந்திருக்கும். அங்கே பஸ் இருக்கிறது, முகவரி இருக்கிறது, போன் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டிலேயே இந்த நிலைமை என்றால் பொகவந்தலாவையை யோசித்துப் பாருங்கள்.

கிட்ட இருந்தால்தான் நடக்கும் என்பது மலையகத்துக்குப் புதிய பாடமில்லை. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தது ஹட்டனில். அவரும் மனைவி மீனாட்சி அம்மையும் தொழிலாளரின் சட்டங்களைத் துண்டுப் பிரசுரங்களாகவும் பாட்டாகவும் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோனார்கள். அண்மைக் காலத்திலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள்தான். அம்பகமுவவிலும் நுவரெலியாவிலும் பிரிவுக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல். பொகவந்தலாவைச் சனம் ஒரு கையெழுத்துக்கு நோர்வூட், டிக்கோயா, ஹட்டன், வட்டவளை எல்லாம் தாண்டிக் கினிகத்தேனைக்குப் போக வேண்டியிருந்தது. பல வருடம் கேட்டுக் கேட்டு இப்போது மாவட்டத்தில் பத்துப் பிரிவுகள். நோர்வூட்டுக்கும் தலவாக்கலைக்கும் தனிச் செயலகம் வந்திருப்பது சாதாரண விஷயமில்லை. சட்ட சேவை மட்டும் ஏன் எதிர்ப் பக்கமாக நடக்க வேண்டும்?

எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. என்னுடைய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பிறந்தது லிந்துலைப் பக்கம். முன்பென்றால் பதிவு உள்ள இடத்துக்கே போக வேண்டும். இப்போது பதிவுகளைக் கணினியில் ஏற்றியிருப்பதால் வேறொரு பிரதேச செயலகத்தில் கேட்டேன், கட்டணம் கட்டிய சற்று நேரத்தில் கையில் தந்தார்கள். பதிவேடு ஓரிடத்தில், கவுன்டர் எல்லா இடத்திலும். இந்த மாதிரி மையப்படுத்தலை நான் கைதட்டி வரவேற்பேன். கவுன்டரையும் சேர்த்துக் கொண்டுபோகும்போதுதான் பிரச்சினை.

நான் இருந்தபோது ஒரு பாடசாலையில் நடமாடும் சேவையும் நடந்தது. சின்னம்மாவை அங்கேயும் கூட்டிப் போனேன். பதிவாளர், கிராம சேவகர், சமாதான நீதவான், சட்டத்தரணி எல்லாரும் வகுப்பறை டெஸ்க்குகளைச் சேர்த்துப் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இளம் சட்டத்தரணி நூல் கட்டை அவிழ்த்து, சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயர் எந்த வருடத்தில் மாறியது என்பதைக் கண்டுபிடித்தார். அது வரைக்கும் யாரும் அதைத் தேடியதில்லை. புதிய செக்ரோல் புத்தகம் மாற்றியபோது எழுதிய கணக்கப்பிள்ளை விட்ட எழுத்து அது. சத்தியக்கடதாசியில் அந்த வருடத்தையும் சேர்த்து எழுதி, அடுத்த டெஸ்க்கில் சமாதான நீதவான் கையெழுத்தும் முத்திரையும் வைத்தார். சின்னம்மா பெருவிரலில் மை தடவி அழுத்தினார். கடதாசி முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே அழுத்தச் சொன்னார்கள், அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் நடமாடும் சேவை வந்த அன்றோடு போய்விடுகிறது. அடுத்த வருடமா, அடுத்த தேர்தலுக்கு முன்னாலா என்று யாருக்கும் தெரியாது. அன்று எழுதிய கடதாசிக்குப் பதில் வந்தால் யாரிடம் காட்டுவது? சிறு தகராறுகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைகளைப் பாருங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் ஆரம்பித்து இன்றைக்கும் நடக்கின்றன. ஊர் ஆட்களே சபையில் இருக்கிறார்கள், பெரும்பாலும் சனி ஞாயிறில் பாடசாலையிலோ பொது மண்டபத்திலோ கூடுகிறார்கள். யாருக்கும் பேர் போகாது. அதே நாளில், அதே இடத்தில், மாதம் ஒரு தடவை தமிழ் தெரிந்த ஒரு சட்ட உத்தியோகத்தர் உட்கார்ந்தால் போதும். புதிய கட்டடம் வேண்டாம். கோப்பு கொழும்பிலேயே இருக்கட்டும், அதைத் திரையில் திறந்து பார்க்கவும் குறை இருந்தால் அங்கேயே திருத்தவும் அவருக்கு அதிகாரம் கொடுத்தால் சரி. நீதி அமைச்சுக்கும் நம் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இதையே எழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள், ஒரு கடிதத்துக்கு அசையாதவர்கள் நிறையக் கடிதங்களுக்கு அசைவார்கள்.

இனி, டிசம்பரிலோ சித்திரையிலோ ஊருக்குப் போகிறவர்களுக்கு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அடையாள அட்டை, பிறப்பு அல்லது விவாகச் சான்றிதழ், சேமலாப நிதி அட்டை, செக்ரோல் பெயர் நாலையும் பக்கத்தில் வைத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் இருக்கும்போதே திருத்துவது சுலபம். சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு பணம் யாருக்கு என்பதை, குறித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எந்தக் கந்தோரில் எதைக் கொடுத்தாலும் கோப்பு இலக்கத்தை எழுதி வாங்குங்கள், கொடுத்த ஆவணங்களின் பட்டியலில் முத்திரை கேளுங்கள். தொடர்புக்கு லயத்து முகவரியை மட்டும் கொடுக்காமல், பஜாரில் நம்பிக்கையான ஒரு கடையின் முகவரியையும் ஒரு போன் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள், அது உரிமை. வழக்குச் செலவுக்கு வசதியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். எந்தக் கந்தோரை எங்கே தேடுவது என்று புரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் இலக்கம் 1919.

சின்னம்மாவின் பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். கோப்பு இலக்கம் தங்கச்சியின் கொப்பியிலும் என் போனிலும் இருக்கிறது. மாதம் பிறந்ததும் நான் லண்டனிலிருந்து கொழும்புக்கு அழைத்துக் கேட்கிறேன், அவள் அங்கே கேட்கிறாள்.